எதிர்க்கண்

சாணை பிடிப்பவரின் இடக்கண்ணில் பாய்ந்த இரும்புச் சில்லு, பதினோராம் நாள் அவர் மனைவியின் வலக்கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. அவள் பட்டறைப் பக்கமே போனவள் இல்லை. வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள்; மங்கிய வெளிச்சத்திலும் ஒரே குத்தில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள்.

பட்டறையில் யார் கண்ணில் எது விழுந்தாலும் ஃபிட்டர்தான் வைத்தியர். சட்டைப்பையில் காந்தம் வைத்திருப்பார். இமையை மடக்கி, ஊதி, காந்தத்தைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் ஆள் வேலைக்குத் திரும்பிவிடுவான். அன்றும் ஒரு சில்லை இழுத்தெடுத்து, "முழுசா வந்துடுச்சு மாப்ளே, போய் மெஷினைப் போடு" என்றார். எடுத்ததைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். பாதிதான் வந்திருந்தது.

நாலாம் நாள் கண் பழுத்த பிறகே சாணைக்காரர் டாக்டரிடம் போனார். டாக்டர் மழுப்பவில்லை. "இது போனது போனதுதான், எடுத்துடணும். விட்டா இதைப் பார்த்து இன்னொரு கண்ணும் வீங்கிடும். ரெண்டு வாரம்தான் டைம்." அவர் தலையை ஆட்டிவிட்டு வந்து வாயே திறக்கவில்லை. ஒற்றைக்கண்ணன் என்று தெருவே கூப்பிடுமே என்ற வெட்கம், வேறென்ன! கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆறிட்டு வருது" என்று மனைவியிடம் புளுகினார். அவளும் நம்பி, தினமும் மூன்று வேளை எதிரில் உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டாள். அவருடைய இடக்கண்ணுக்கு நேரெதிரே இருந்தது அவளுடைய வலக்கண். அவருடைய நல்ல கண் தப்பியது. வீக்கம் அவளுக்குப் போனது.

விஷயம் கேள்விப்பட்டு ஃபிட்டர் காந்தத்தோடு ஓடிவந்தார். "அந்த எழவைத் தூக்கிக் குப்பையில போடுங்கண்ணே!" என்று அவள் கத்தினாள். அப்போதுதான் சாணைக்காரர் டாக்டர் சொன்னதைச் சொல்லி அழுதார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒத்தைக்கண்ணோட உங்களை வச்சுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாளே அவர் கண்ணை எடுத்தார்கள். உள்ளே துரு இருந்தது, இரும்பு இல்லை. அடுத்த மாதம் அவள் கண்ணையும் எடுத்தார்கள். சில்லின் மறுபாதி அதில் இருந்தது. டாக்டர் அதை ஃபிட்டர் கொண்டுவந்த தீப்பெட்டியில் இருந்த பாதியோடு சேர்த்துப் பார்த்தார். பொருந்தியது. அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இப்போது நூலை அவர்தான் கோத்துத் தருகிறார், ஐந்தாறு தடவை தவறிய பிறகு. தெருவில் போகும்போது அவர் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். இரண்டு ஓரத்து வண்டிகளும் தெரியும். ஒருவருக்கொருவர் மட்டும் தெரிவதில்லை. அதனால் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.