மேலே நிற்க வேண்டிய வண்டி

என் மகள் மகாராணிக்குக் கோபம் வந்தால் எங்கள் ஊர் சிலமலையில் பால் அடுப்பில்லாமல் பொங்கும். நான் பொய் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதை மட்டும் நம்பலாம்.

இந்தக் கோபம் போன வைகாசியில் பிறந்தது. அவள் புருஷன் சின்ராசு ஏலத்தோட்டத்தில் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தவன், கிளையோடு கீழே வந்தான். மலையுச்சியில் பஸ் போகிற போடிமெட்டு வரைக்கும் தூக்கி வந்துவிட்டார்கள். போனில் பேசிய ஆள், "அசைக்காதீங்க, கீழயிருந்து ஆம்புலன்சு கெளம்பிருச்சு" என்றான். அசைக்கவில்லை. பஸ்சுகள் போயின, ஜீப்புகள் போயின. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவனை அசைத்தாலும் ஒன்றுதான், அசைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

கார்த்திகையில் போடி சைக்கிள் சங்கத்துக்காரர்கள் ஊரெல்லாம் பேனர் கட்டினார்கள். ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிளில் போய் நன்கொடை திரட்டி மலைச்சனத்துக்கு ஆம்புலன்ஸ் வாங்கித் தருகிறார்களாம். பேனரில் ஒரு மூலையில் சின்ராசு. நடுவில், கறுப்புக் கண்ணாடியோடு, சங்கத் தலைவர் பிரதீப். ஏலக்காய் வியாபாரி மகன். அவன் சைக்கிள் எவ்வளவு லேசென்றால், காற்றடிக்கிற நாளில் மேலே கல் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான்.

டீக்கடையில் வைத்தே மகாராணி அவனைப் பிடித்தாள்.

"வண்டி எங்க நிக்கும் தம்பி?"

"போடியிலதான்க்கா, எங்க கடைக்கு எதுத்தாப்புல. டிரைவருக்கு டீ, டீசலு, எல்லாம் வசதி."

"மலைச்சனத்துக்குன்னு போட்டிருக்கீங்க. மெட்டுலல்ல நிக்கணும்?"

"அது கமிட்டி முடிவுக்கா. சைக்கிள் ஓட்டுறவங்கதான் கமிட்டி. ஒங்களுக்கு வேன்ல முன்சீட்டு போட்டிருக்கோம். ஊர் ஊரா எறங்கிக் கும்புட்டாப் போதும்."

"கும்புடவா?"

"ரெண்டு கையும் சேத்து" என்று செய்தும் காட்டினான்.

என் கிளாசில் ஆறிப்போயிருந்த டீ கொதிக்க ஆரம்பித்தது.

"நானும் ஓட்டுறேன்" என்றாள். "அப்ப நானும் கமிட்டிதான?"

"ஓட்டலாம்க்கா. ஆனா டெஸ்ட் இருக்கு. அடிவாரத்து முந்தல்லயிருந்து மெட்டு வரைக்கும் கால் ஊணாம ஏறணும்."

"நீ ஏறியிருக்கியா?"

பிரதீப் தலைக்கவசத்தைச் சரிசெய்தான். "நாங்க தேனி ரோட்டுல பிராக்டீசு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மேடே இல்லாத தேனி ரோட்டில் சைக்கிளை விட்டுவிட்டு வீட்டில் படுத்தாலும் அது பாட்டுக்குப் போய்ச் சேரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான், சங்கத்தில் எல்லாரும் சேர்ந்தே ஏறுவோம் என்று பிரதீப் தை மாதத்தில் ஒரு ஞாயிறைச் சொன்னான்.

பயிற்சி கொடுத்தது நான். அந்த மலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றி ஆயுசில் பாதி ஜீப்பு ஓட்டியவன். சைக்கிளும் என்னுடையதுதான். ஒருமுறை தேவாரம் ஊர்ப் பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு யானை அதைத் துதிக்கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, கனம் தாங்காமல் திரும்ப வைத்துவிட்டுப் போனது. பார்த்த மனிதர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். யானை இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம்.

பாரத்தோடு ஏறிப் பழகினால் பாரமில்லாதபோது பறக்கலாம் என்பது என் திட்டம். பங்காளி மகன் தங்கபாண்டியிடம் ஒரு மூட்டை பச்சை ஏலக்காய் கேட்டு வாங்கி கேரியரில் கட்டினேன். அழுகிவிடக் கூடாதே என்று தினமும் வீட்டுக்கு வந்ததும் காயை அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிவைத்தேன். திட்டம் அபாரமாக வேலை செய்தது. முதல்நாள் முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளியவள், நாளுக்கு ஒரு வளைவு கூடுதலாக ஏறினாள். மகள் கால் இரும்பாகிறது என்று முந்தல் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

ஒருநாள் காலை என் பெஞ்சாதி ஒச்சம்மாள் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கினாள். காய் பொறுக்கும் வேலையிலேயே தலை நரைத்தவள்.

"ஏய்யா, போடிச் சீமையில பொறந்து, காஞ்சா காய் எட கொறையும்னு தெரியாத ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்குறேன். அஞ்சு கிலோ பச்சை ஒரு கிலோவா நிக்கும். ஒம்ம மக காலுல பலமா ஏறுச்சு? மூட்டையில எடையில்ல எறங்கிருக்கு!"

தங்கபாண்டி வந்து ஒரு காயைக் கிள்ளிப் பார்த்தான். "பக்குவமாக் காஞ்சிருக்கு பெரியப்பா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். நன்றிகூடச் சொன்னான்.

மகாராணி சிரிக்கவில்லை. உள்ளே போய் அம்மிக்கல்லைத் தூக்கிவந்து கேரியரில் கட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துவையல் கிடையாது.

வளைவுக்கு ஓர் ஆளாக வைதுகொண்டே ஏறினாள். தோட்ட முதலாளியை, போனில் பேசியவனை, பேனர் கட்டியவனை, அதைக் கட்டக் கயிறு விற்றவனை. மேல் வளைவுகளுக்கு ஆள் தீர்ந்துபோய் என்னை வைதாள். கடைசியில் மார்கழிப் பனியில் ஒருநாள், அம்மிக்கல்லோடு, கால் ஊன்றாமல் மெட்டைத் தொட்டாள்.

தை ஞாயிறும் வந்தது. அம்மி வீட்டில் இருந்தது. நான் தங்கபாண்டியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு தண்ணீர்க் கேனோடு பின்னால் போனேன். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி, ஒவ்வொருவராக என் வண்டியில் ஏறினார்கள். பாதி மலையில் ஜீப்பு நிறைந்துவிட்டது. பிரதீப் மட்டும் விடவில்லை. மகாராணி அவனுக்கு ரொம்ப முன்னால் போய்விட்டாள்.

மெட்டுக்குக் கொஞ்சம் கீழே பிரதீப்புக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் பூட்சு பெடலோடு மாட்டிக்கொள்கிற ரகம். காலை எடுக்கத் தெரியாமல், சைக்கிளோடு சேர்ந்து பாறையில் சாய்ந்தான். ஜீப்பில் இருந்த வித்யா நர்சு வேலை பார்க்கிற பெண். இறங்கித் தொட்டுப் பார்த்து, "தோள்ல காறையெலும்பு போச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அதற்குள் இன்னொருவன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருந்தான்.

"ஐயா, ஜீப்பத் திருப்புங்கய்யா!" என்று பிரதீப் அலறினான்.

திருப்பினேன். அதற்குள் மெட்டைத் தொட்டுவிட்டு இறங்கி வந்த மகாராணி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?"

"கெளம்பிருச்சாம்க்கா" என்றாள் வித்யா.

"அப்ப வரட்டும். யாரும் அசைக்காதீங்க."

"அக்கா, வலிக்குதுக்கா! ஜீப்புதான் நிக்குதே!"

"அன்னைக்கும்தான் எத்தனை ஜீப்பு போச்சு. அவருக்கு ஒரு சட்டம், ஒனக்கு ஒரு சட்டமா?"

அவன் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்தாள். "சாவியக் குடு ஆத்தா" என்று சொல்ல வேண்டியது நான். யானைக்கதை சொல்கிற வாய்க்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை. துணியை எடுத்து ஜீப்புக் கண்ணாடியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

மூடுபனி வந்து போனது. தோட்ட ஜீப்புகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

"எங்க வருதாம்?" என்று பிரதீப் முனகினான்.

வித்யா போனைக் காதில் வைத்தாள். "இன்னும் முந்தலே வரலயாம்."

"ஒங்க கடைக்கு எதுத்தாப்புல நின்னு கெளம்புனாலும் இதே கதைதான்" என்றாள் மகாராணி.

பிரதீப் அழுதான். அழுது முடித்துவிட்டு, "மெட்டுலயே நிக்கட்டும்க்கா" என்றான்.

"கமிட்டில்ல சொல்லணும்?" ஜீப்பைப் பார்த்துத் திரும்பினாள். "சொல்லுங்க."

அத்தனை பேரும் கை தூக்கினார்கள். பிரதீப்பும் அவசரத்தில் ஒடிந்த பக்கத்துக் கையைத் தூக்கப் போய்க் கத்தின கத்தலில் எதிர்மலைக் குரங்குகள் கேரளாவுக்குக் குடிபெயர்ந்தன.

"பேனர்ல அவரு படத்த எடுத்துரணும்."

"எடுத்துர்றோம்க்கா."

சாவியை என் மடியில் எறிந்தாள். "வெரசாப் போங்கப்பா."

அவள் ஜீப்பில் ஏறவில்லை. சைக்கிளிலேயே பின்னால் வந்தாள். அடிவாரத்துக் கடைசி வளைவில், சைரன் அலற, ஆம்புலன்ஸ் எதிரே ஏறி வந்தது. நான் ஜீப்பை நிறுத்தினேன். மகாராணி என்னைத் தாண்டிப் போய், சைக்கிளை அதற்குக் குறுக்கே போட்டு, முன்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"இப்ப வர்றியா?"

டிரைவர் பாவம், புதுப்பையன். யாருக்காகக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

"வளைவு சாஸ்திக்கா" என்றான்.