அவள் அளவு

அவள் எப்படி இறந்தாள் என்று கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்.

"வண்டியிலயா?"

இல்லை. கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளர் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். "இது தெளிவா தெரியுதா, முன்ன போட்டது தெளிவா இருந்ததா?" என்று கேட்டவள், அவர் பதில் சொல்வதற்குள் சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. நான் இதைச் சொன்னதும் கேட்டவர் சற்று ஏமாந்த மாதிரி தலையாட்டுவார். தாழ்வான, கூரையில்லாத, மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிய பெண் கடைக்குள் விழுந்து சாவது அவர் கணக்குக்கு ஒத்துவராது.

வண்டி அவளுடையது. இரண்டே இருக்கை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால், அநேகமாகக் காதுக்குள். கல்யாணத்துக்கு முன்பே பழசாக வாங்கி, திருகாணி திருகாணியாகப் பிரித்து மாட்டியிருந்தாள். ஞாயிறு காலைகளில் அவளும் அவளைப் போன்ற இன்னும் சிலரும் மலைப்பாதையில் ஏறி இறங்குவார்கள். பிறகு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஒருவர் எஞ்சினை இன்னொருவர் எட்டிப் பார்த்து மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் ஹெல்மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்தப் பேச்சில் பாதி புரியாது. எனக்கு வண்டிப் பைத்தியம் கிடையாது. அவளுக்கு இருந்த பைத்தியம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எப்போதும் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்ததால் எனக்கு அவர்கள் வைத்த பெயர் பாசஞ்சர்.

ஓட்டுநர் இருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயத் தடத்தில் வளைவுகளில் உடம்பு அங்கும் இங்கும் சறுக்கும். அதற்காக இவர்கள் ஒன்று செய்வார்கள். கெட்டியான ஓடு போன்ற இருக்கைக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, ஓட்டுபவரை அதன்மேல் உட்காரவைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கி உடம்பைச் சுற்றி ஏறும். சில நிமிடங்களில் கட்டையாக இறுகிவிடும். பிறகு அந்த இருக்கை அந்த ஒருவருக்கு மட்டும்தான்.

அவளுக்கு ஊற்றியது மெக்கானிக்கின் பட்டறையில். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கும்பலில் ஒருவர் பல் டாக்டர். வாய் சும்மா இருக்காது. நுரை ஏறும் நேரம் பார்த்து ஏதோ சொன்னார். அசையாதே அசையாதே என்று எல்லோரும் கத்தக் கத்த அவள் குலுங்கிச் சிரித்துவிட்டாள். இடது பக்கம் ஒரு பள்ளம் கூடுதலாக விழுந்துவிட்டது. திரும்ப ஊற்றலாம் என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றாள். "சிரிச்ச சீட்டு" என்று அதற்குப் பெயரானது.

அவள் போன பிறகு அத்தை, அவளுடைய அம்மா, வந்து துணிமணிகளைக் கட்டி எடுத்துப்போனார். நான் தடுக்கவில்லை. ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு ஹேங்கரின் தோள்தான் இருக்கும். தலையணை உறையை யாரோ உறவுக்காரர் நல்லெண்ணத்தோடு துவைத்துப் போட்டுவிட்டார். புகைப்படங்களில் அவள் தட்டையாக இருந்தாள்.

அந்த இருக்கையில் மட்டும் அவள் அளவு இருந்தது. வேலை முடிந்து வந்ததும் ஷெட்டுக்குப் போவேன். வண்டியின் உறையை விலக்கிவிட்டு வெளியே நின்றபடி குனிந்து உள்ளே கை வைப்பேன். தோள். அதற்குக் கீழே முதுகு. இடுப்பு. நான் ஆள் பெரியவன், அதில் உட்கார முடியாது. கை மட்டும் போகும். பிறகு உறையை மூடிவிட்டு வந்து சமைப்பேன், அல்லது சமைக்க மாட்டேன். வண்டி போனாலும் போகட்டும், அந்த இருக்கை இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கலாம். கூடத்தில் வைத்தால் சாமானாகிவிடுமோ என்று பயம்.

ஒரு நாள் மெக்கானிக் வந்தார். அவளைத் தங்கச்சி என்று அழைத்தவர், அந்த உரிமையில் என்னை மாப்ள என்பார். ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"பெட்ரோல் கெட்டுப்போச்சு மாப்ள. வார்னிஷ் வாடை வருது பாருங்க."

வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிரேக் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. டயரின் தரையைத் தொடும் பக்கம் தட்டையாகியிருந்தது.

"ஓடுற வண்டியை நிறுத்தி வெச்சா இதான். இப்படியே விட்டீங்கன்னா செத்துப்…" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் எடுத்துட்டுப் போய் சரி பண்ணட்டுமா? காசு கீசுன்னு பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்."

"சரிண்ணே."

"சரி பண்ணா ஓடணும். யார் ஓட்டுவா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வைக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான்," என்றேன்.

நான் அதுவரை ஓட்டியதெல்லாம் ஆபீஸ் வேன், அதுவும் கியர் மாற்ற வேண்டாத வகை. ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நெடுநாளைக்குப் பிறகு நான் ஒருவரைச் சந்தோஷப்படுத்தியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. மறுநாள் லாரி வந்து வண்டியை ஏற்றிப்போனது. ஷெட் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அன்று மாலையும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பல் டாக்டர் தினமும் போன் செய்தார்.

"பாசஞ்சர், க்ளட்ச் ஒட்டிக்கிச்சு. கடைவாய்ப்பல் புடுங்குற மாதிரி புடுங்கிட்டோம்."

"சரி டாக்டர்."

"டேங்க்கைக் கழுவியாச்சு. ஊரையே கழுவலாம், அவ்வளவு அழுக்கு."

"சரி."

"சரி சரிங்கிறீங்களே, வந்து பார்க்கலாம்ல?"

"வரேன்."

போகவில்லை. எல்லோரும் தங்கள் வேலையை முடித்துவிட்டு மாலையில் அங்கே கூடி இதற்காக உழைக்கிறார்கள் என்று தெரிந்தது. டீச்சரும் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போகிறாராம். அவளுக்கு நெருங்கிய தோழி அவர். சின்னதாக ஒரு சிவப்பு கார் வைத்திருக்கிறார். வளைவுகளில் அவளை முந்தக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். வண்டி தயார், மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

தகரக் கூரைக்குக் கீழே பட்டறை வெந்துகொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் வண்டி. கூட்டிப் பெருக்கி, பழைய டயர்களை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். யாரோ வரப்போகிற மாதிரி நின்றார்கள். நான்தான் அந்த யாரோ. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். நானும் மூடினேன். நல்ல சத்தம்தான். அவள் இருந்திருந்தால் இன்னும் ஒரு மிதி மிதித்திருப்பாள்.

"இன்னையிலேர்ந்து நீங்க பாசஞ்சர் கிடையாது," என்றார் டாக்டர். "பதவி உயர்வு."

"அப்ப புதுப்பேரு என்ன வைக்கலாம்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஓட்டட்டும் பார்ப்போம். வாசல்லயே ஆஃப் பண்ணி நின்னாருன்னா பேரு தானா வந்துரும்."

சிரித்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே வண்டிக்குப் போய், ஓட்டுநர் இருக்கைமேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார்.

வெறும் ஓடு. கறுப்பாக, வழவழவென்று. உள்ளே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இரண்டு டின்கள், ஒரு வாளி, மடித்துவைத்த பிளாஸ்டிக் பை.

"நானே சுரண்டினேன் தம்பி," என்றார் டீச்சர். "முதல்ல கத்தி, அப்புறம் உப்புத்தாள். ஒரு பொட்டு ஒட்டியிருக்கா பாருங்க. அவ சீட்டுல வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நானே உட்கார்ந்து பண்ணேன்."

"உள்ள இருந்தது எங்க?" என்று கேட்டேன்.

"எது?"

"உள்ள இருந்தது."

"பழைய நுரையா? குப்பையில," என்றார் டாக்டர், சாதாரணமாக.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி கைமாறினால் இவர்கள் முதலில் செய்கிற வேலை அதுதான். தன் பழைய காரை விற்றபோது டாக்டர் தன் முதுகையே வெட்டியெடுத்து, பட்டறை வாசலில் கால்பந்தாக உதைத்து விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன். பல் துலக்கும் பிரஷ் மாதிரி அது. இன்னொருவருடையதில் யாரும் உட்கார மாட்டார்கள். ஓட்டப்போவது நான் என்று சொன்ன அன்றைக்கே அந்த இருக்கை இவர்கள் மனதில் காலியாகிவிட்டது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

டீச்சருக்குத்தான் முதலில் புரிந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிக்கிற ஆள். கையில் இருந்த துணியைக் கீழே போடவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

"தம்பி, அதை நீங்க…"

"பரவாயில்லை டீச்சர்."

இந்த வார்த்தையை நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன். எல்லோரும் நம்புகிறார்கள். டீச்சர் நம்பவில்லை. வெளியே ஓடினார். குப்பைத் தொட்டியின் மூடி தடாலென்று விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு சேலையோடு தரையில் மண்டியிட்டு, டயர் அடுக்குக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில், வண்டி தூக்கும் லிஃப்ட்டின் பள்ளத்துக்குள் என்று கையால் துழாவ ஆரம்பித்தார். டாக்டர் எஞ்சினை அணைத்தார்.

டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. உள்ளங்கை அகலம். பழுப்பேறிய மஞ்சள். ஒரு பக்கம் கத்தி பட்ட சொரசொரப்பு. மறுபக்கம் வழுவழுப்பாக, லேசாகக் குழிந்து, பிளாஸ்டிக் பையின் மடிப்புக் கோடுகளோடு. தூசியை ஊதி என்னிடம் கொடுத்தார்.

"தோளு," என்றார் டாக்டர் எட்டிப் பார்த்து. "ஓரம் மெலிசா போகுது பாருங்க."

"தோள்ல எங்கய்யா இவ்வளவு தடிமன்?" என்றார் மெக்கானிக். "இது இடுப்பு."

"இடுப்புன்னா வளைவு கூட இருக்கணும்."

"சிரிச்ச பக்கம் இல்ல, அந்தப் பக்கத்து இடுப்பு. ஊத்தினது நான், எனக்குத் தெரியாதா?"

"ஊத்தினது நீங்க, சிரிக்க வெச்சது நான்."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்து மும்முரமாகச் சண்டை போட்டார்கள். டீச்சர் நடுவில் மெல்லச் சொன்னார்.

"அவருக்குத் தெரியும். சும்மா இருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புருஷன். தினமும் தொட்டுப் பார்த்தவன், அது அவர்களுக்குத் தெரியாது என்றாலும். கண்ணை மூடி, கட்டைவிரலை அந்தக் குழிவில் வைத்துத் தடவினேன். மேலிருந்து கீழாக. திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை. தோளாக இருந்தது. இடுப்பாகவும் இருந்தது. ஷெட்டில் கழுத்துப் பக்கத்திலிருந்து கையை இறக்கிக்கொண்டு போவேன், அதனால் அது தோள். தோளுக்குக் கீழே இருந்ததால் அது முதுகு. தனியாகக் கையில் கொடுத்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாருடைய உடம்பாகவும் இருக்கலாம்.

"தோள்தான்," என்றேன்.

"நான் சொல்லல?" என்றார் டாக்டர்.

"அப்ப தோள்தான்," என்று மெக்கானிக் ஒத்துக்கொண்டார். பிறகு டின்களை எடுத்து ஓரமாக வைத்தார். "இன்னைக்கு வேண்டாம் மாப்ள. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றார். விரல் நகங்களுக்குள் மஞ்சள் தூள் இருந்தது. நான் இப்படியே வீட்டுக்குப் போனால் அவர் ஆயுசுக்கும் அந்தக் கத்தியோடுதான் இருப்பார்.

"ஊத்துங்கண்ணே," என்றேன். துண்டை டீச்சரிடம் நீட்டினேன். "இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எனக்கா? வேண்டாம் தம்பி, நீங்க…"

"எனக்கு அடையாளம் தெரியல டீச்சர்."

அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னேன். வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

பையின்மேல் உட்கார்ந்தேன். கையை ஸ்டியரிங்கில் வைக்கச் சொன்னார்கள், காலைப் பெடல்களில். வாளியில் கலக்கும் சத்தம். யாரும் எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. முதலில் சில்லென்று இருந்தது. பிறகு சூடு. பிறகு அது இடுப்பைப் பிடித்து, முதுகில் ஏறி, தோளுக்குப் பின்னால் நிரம்பியது.

"மூச்சைப் பிடிக்காதீங்க. சாதாரணமா விடுங்க," என்றார் மெக்கானிக்.

சாதாரணமாக விட்டேன். இறுகியதும் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். நுரை சட்டென்று விடவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்தேன். அகலமான, நேரான, ஒரு ஆண் முதுகு.

"அச்சு வார்த்த மாதிரி வந்திருக்கு," என்றார் மெக்கானிக். குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நானும் சொன்னேன்.

விளிம்புகளைச் சீவிக் கொடுத்தார்கள். ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலிலேயே வண்டி ஆஃப் ஆனது. யாரும் சிரிக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து, "ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?" என்றார். வருவேன் என்றேன். மறுபடி சாவியைத் திருப்பி, இரண்டாவது கியரைத் தாண்டாமல் தெருத் தெருவாகப் போனேன். சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவன், "செம வண்டி சார், கொடுத்து வெச்சவங்க" என்றான். பச்சை விழுந்ததும் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

ஷெட்டுக்குள் விட்டு எஞ்சினை அணைத்தேன். இறங்கவில்லை. இருக்கை என்னை எல்லாப் பக்கமும் சரியாகப் பிடித்திருந்தது. வலது கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், எனக்கும் இருக்கைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இடுப்புப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் இடமில்லை.