இஸ்திரிச் சூடு

தையல்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வீட்டிலிருந்து வந்த அலறல் தெருமுனை வரை கேட்டது.

உள்ளே மகள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறவள். மாதாமாதம் மாதவிலக்கின் முதல் நாள் அடிவயிற்றை முறுக்கிப் பிழியும், நிமிரவே முடியாது. அவளருகே துடைப்பக்கட்டையை ஓங்கியபடி நின்றிருந்தாள் மனைவி. கறிக்கடையில் எலும்பு வெட்டிப் பழகிய கை. அடி ஒவ்வொன்றும் இடியாக இறங்கியது.

"வேலைன்னா மட்டும் வயித்துவலி வந்துடுமா? நானும் பொம்பளதான். வலியோட நின்னு வெட்டலையா?"

அவர் குறுக்கே பாய்ந்தார். அடுத்த அடி அவர் புருவத்தைப் பிளந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடி வாங்கிக்கொண்டே இருந்தவர், அன்றைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் அவர் தோளைக் கடித்தாள். குடம் உருண்டது. கட்டையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார்.

"இன்னொரு தடவ இவ மேல கை வெச்சா, கூட்டிட்டுப் போயிடுவேன்."

"போயேன். வாலச் சுருட்டிக்கிட்டு வருவ." காறித் துப்பிவிட்டு அவள் கறிக்கடைக்குப் போனாள்.

அவர் பழைய துண்டை மடித்து, இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி, தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மகளின் வயிற்றில் வைத்தார். துணி தைக்க வரும் பெண்கள் சொன்ன வைத்தியம். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்பைக் கட்டைவிரலால் மெல்ல நீவினார்.

"அப்பா, ரத்தம் சொட்டுது."

"சொட்டட்டும். நீ வெந்நீரைக் குடி."

கொஞ்ச நேரத்தில் கடித்திருந்த பல் தளர்ந்து அவள் தூங்கிப்போனாள்.

அடுத்த மாதம் அவர் வந்து சேர்வதற்குள் மகளின் உதடு கிழிந்திருந்தது. அவர் இஸ்திரிப்பெட்டியையும் அவள் புத்தகப்பையையும் எடுத்துக்கொண்டார். மனைவி வெட்டுக்கத்தியோடு வாசலை மறித்தாள்.

"தாண்டு பாக்கலாம்."

தாண்டினார். கத்தி முன்கையைக் கீறியது. அவர் நிற்கவில்லை. மகள் அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தபடி பின்னால் வந்தாள்.

தையல்கடையில் கதவை உள்ளே தாழிட்டு, வெட்டுத்துணியால் கையைக் கட்டிக்கொண்டு, மேசைக்கடியில் மகளுக்குப் படுக்கை விரித்தார். துண்டு சூடேறியது.

"அம்மா வந்து தட்டினா திறப்பீங்களாப்பா?"

"நீ சொன்னாத்தான்."

அவள் துண்டை வயிற்றோடு அழுத்திக்கொண்டு யோசித்தாள்.

"இப்ப வேண்டாம்," என்றாள்.