முகத்துக்கு இரண்டு கோட்டு

உலகத்தில் இதுவரை விழுந்த விரிசல்களிலும் சரி, இனி விழப்போகிறவற்றிலும் சரி, இரண்டு கோட்டுக்கு அடங்காத விரிசல் ஒன்றுகூடக் கிடையாது. இது பெயின்ட்டரின் கண்டுபிடிப்பு. சுரண்டு, பட்டி வை, தேய், முதல் கோட்டு அடி, காயவிடு, இரண்டாவது கோட்டு அடி. சுவருக்கும் இதுதான் முறை, ஆட்சிக்கும் இதுதான் முறை என்று சாரத்தின் மேல் நின்று அவன் பலமுறை அறிவித்திருக்கிறான். கீழே நின்றவர்கள் யாரும் மறுத்ததில்லை. மறுத்துப் பேசினால் தலையில் அன்றைக்கென்று பெயின்ட் சொட்டும்.

அவன் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்கவுண்டர். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், இதற்கு எந்த ஃப்ரேம் எடுபடும் என்று சொல்லிவிடுவாள். ஃப்ரேமை மாட்டிவிட்டு, வாடிக்கையாளரின் தோளோரம் நின்று நிலைக்கண்ணாடியைப் பிடிப்பாள். அப்போது கண்ணாடிக்குள் இரண்டு முகங்கள் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி, மேற்குப் பார்த்தது. மாலை வெயில் நேராகக் கவுண்டரில் வந்து உட்காரும். வருஷக்கணக்காக உட்கார்ந்ததில், வாடிக்கையாளர்களின் ஃப்ரேம்கள் மாறின, அவள் முகமும் மாறியது. கன்னத்தில் பழுப்புத் திட்டுகள். கண்ணோரத்தில் காக்கைக்கால் கோடுகள். இரண்டாவது கடை திறக்கப்போன முதலாளி ஒருநாள் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "முன்னாடி நிக்கறவங்க கொஞ்சம் பளிச்சுனு இருந்தா நல்லாருக்கும்மா. வர்றவங்க நம்ம முகத்தையும் சேர்த்துத்தான பாக்கறாங்க."

மாதக் கடைசியில் அவர் வந்து முடிவு செய்வார். கடையில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி அவள், இன்னொருத்தி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் பெண். ஒருத்தி முன்கவுண்டரில் நிற்பாள், மற்றவள் லென்ஸ் தேய்க்கும் உள்ளறைக்குப் போவாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. இயந்திரத்தில் தண்ணீர் ஓடும் சத்தத்தைத் தவிரப் பேச்சுத்துணையும் இல்லை. அதற்குள் போன ஒருத்தியும் மறுபடி வெளியே நிற்க வந்ததாகக் கடை வரலாற்றில் இல்லை.

அவள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ட்யூபோடு திரும்பி வந்தாள். திட்டுக்கும் சுருக்கத்துக்கும் போடும் ரெட்டினாய்டு களிம்பு.

பெயின்ட்டர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். "எவ்வளவு போடணுமாம்?"

"பட்டாணி அளவு," என்றாள் மச்சினி.

"ஒரு கன்னத்துக்கா?"

"மொத்த முகத்துக்கும்."

பெயின்ட்டர் சிரிக்கவில்லை. தொழில்ரீதியான வருத்தம் அவன் முகத்தில் தெரிந்தது. "ஒரு ஹாலுக்கு நான் ஒரு கரண்டி பெயின்ட் எடுத்துட்டுப் போனா வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்?"

"அக்கா முகம் ஹால் இல்ல மாமா."

"சரி, தினமுமா?"

"ஆரம்பத்துல வாரத்துக்கு ரெண்டு ராத்திரிதான். தோல் தாங்கினா மெதுவா கூட்டணும். முகம் கழுவி, நல்லா காஞ்சப்புறம் போடணும். கண்ணோரம், வாயோரம், மூக்கு மடிப்புல படக்கூடாது. மேல ஈரப்பதத்துக்கு சாதா க்ரீம். பகல்ல வெயிலுக்குத் தனியா சன்ஸ்க்ரீன், தொப்பி. எரிஞ்சா நிறுத்திட்டு வரச் சொன்னாங்க. வயித்துல பிள்ளை இருக்கறவங்க தொடவே கூடாதாம், அதையும் கேட்டுக்கிட்டாங்க."

"எப்ப தெரியுமாம்?"

"மாசக்கணக்கு ஆகும்னாங்க."

"மாசக்கணக்கா. அதுக்குள்ள நான் ஒரு தெருவையே முடிச்சுடுவேன்." ட்யூபைத் திருப்பிக் கொடுத்தான். "வெயிலுக்குத் தொப்பி, முகத்துக்குப் பூச்சு. இதெல்லாம் மாட்டிக்கிட்டு சாரத்துல ஏறினா குருவிகூட மதிக்காது."

"உங்களை இப்ப குருவி மதிக்குதா?" என்று கேட்டுவிட்டு மச்சினி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மனைவி சொன்னபடியே செய்தாள். போடவேண்டிய ராத்திரிகளில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, மடியில் கையை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள். பெயின்ட்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று விசாரிப்பான். "இன்னுமா காயல? அடைமழைல நனைஞ்ச சுவரே இந்நேரம் காஞ்சிருக்கும்." அவளும் சிரிப்பாள். லேசாக வறண்டது, சாதா க்ரீமைத் தடவினாள், அடங்கியது. பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் தெரியாது என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

பிறகு முதலாளி தேதியை மாற்றினார். மாதக் கடைசி இல்லை, வருகிற திங்கட்கிழமை.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். புதுசின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்காமலே சொன்னாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, ரெண்டு கோட்டு போட்டா என்ன?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் தொழில்முறை ஆலோசனை கேட்டதே இல்லை. வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்ததுகூட அவள்தான். பெயின்ட்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"உக்காரு," என்றான்.

அவன் வாழ்க்கையில் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான். விளக்கைக் கிட்டே இழுத்துவைத்தான். நெற்றியில் ஆரம்பித்து, மேலிருந்து கீழே, ஒரே சீராக, தடம் தெரியாமல் இழுத்தான். கோடு எங்கே அதிகமோ அங்கே பூச்சும் அதிகம் என்பது விதி. ஆகவே கண்ணோரத்தை விசேஷமாகக் கவனித்தான். காயவிட்டான். இரண்டாவது கோட்டையும் போட்டான். ட்யூப் பாதிக்கு மேல் சப்பிப்போயிருந்தது.

மறுநாள் முகம் சிவந்திருந்தது. "பிடிச்சிருக்கு," என்றான் பெயின்ட்டர். அன்று ராத்திரியும் போட்டான். எரிகிறது என்றாள். புதுப் பெயின்ட் என்றால் கொஞ்சம் நெடி இருக்கத்தான் செய்யும் என்றான்.

அதற்கடுத்த நாள் உரிய ஆரம்பித்தது. வாயோரத்திலும் மூக்கோரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் எழும்பி நின்றது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பான். பெயின்ட்டருக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. உரிவது அவனுக்குத் தெரிந்த விஷயம். பழைய கோட்டு கழன்றுவருகிறது. அதைச் சுரண்டாமல் மேலே அடித்தால் நிற்காது. சொரசொரப்பான துண்டு ஒன்றை நனைத்து, வட்ட வட்டமாகத் தேய்த்தான். எத்தனையோ சுவர்களை வழவழப்பாக்கிய கை அது. அழுத்தம் எவ்வளவு என்று அதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததை அவன் பார்த்தான். பார்த்தும், ஓரம் மட்டும் பாக்கி என்று தேய்த்து முடித்தான்.

அந்த முகத்தோடுதான் அவள் கடைக்குப் போய், மேற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், சாயங்காலம் வரை நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். கதவைத் திறந்த அக்காவைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். பெயின்ட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். "மாமா, நீங்க பேசாம வாங்க," என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்கு முதன்முதலாகப் பயமாக இருந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் வீங்கியிருந்தது. கன்னத்தில் ஓரிடம் நீர்விட்டிருந்தது.

"யார் தேய்ச்சது?"

மனைவி "நான்தான்" என்றாள். பெயின்ட்டர் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"உரியறது வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லம்மா. தோல் தாங்கலைன்னு சொல்லுது. அளவைக் கூட்டினா சுருக்கம் சீக்கிரம் போகாது, புண்ணுதான் சீக்கிரம் வரும். எல்லாத்தையும் நிறுத்துங்க. மிதமான க்ரீம் மட்டும் தடவுங்க, வெயில் படவே கூடாது. நல்லா ஆறினப்புறம் வாங்க. மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனா முதல்லேர்ந்து, கொஞ்சூண்டா." பிறகு பெயின்ட்டர் பக்கம் திரும்பி அவன் நெற்றியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நீங்க வெளியிலதான வேலை? இவங்களைவிட உங்க முகத்துலதான் வெயில் ஜாஸ்தி விளையாடியிருக்கு."

பெயின்ட்டர் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை போக வேண்டாம் என்று தங்கை கெஞ்சினாள். அவள் போனாள். போகாவிட்டால் இடம் தானாகப் போய்விடும், போனால் ஒருவேளை என்று நினைத்தாள். முதலாளி அவளைப் பார்த்தார், உடனே மேஜைமேல் இருந்த ஃப்ரேம் ஒன்றைக் கையில் எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். "உடம்பு சரியில்லையாம்மா? ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துக்குங்க," என்றார். ஒரு வாரம் கழித்து அவள் போனபோது, அவளுடைய தண்ணீர் பாட்டில் உள்ளறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. புதுசுதான் வைத்திருந்தாள். "மன்னிச்சுக்குங்கக்கா," என்றாளாம்.

இதையெல்லாம் வீட்டில் வந்து அவள் சொன்ன விதம், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது. அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் ரெண்டு வார்த்தை பேசி, சண்டையாக்கி, எப்படியாவது கரையேறியிருப்பான்.

புண் ஆறியது. ஆறின இடங்களில் கருமை நின்றது; முன்பிருந்த திட்டுகளைவிட அழுத்தமாக. போகும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, குறைந்த வீரியத்தில் புது ட்யூப் ஒன்றைக் கொடுத்தார். அது அலமாரியில் அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது.

"போட்டுக்கயேன்," என்றான் ஒருநாள்.

"உள்ள யாருங்க பாக்கறா? லென்ஸுக்கா காட்டப்போறேன்?" துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, மடிப்பதை நிறுத்தாமலேயே, "பயமா இருக்குங்க," என்றாள். "கையை முகத்துக்கிட்ட கொண்டுபோனாலே எரியற மாதிரி இருக்கு."

மறுநாள் வேலைக்கு அரைநாள் மட்டம் போட்டுவிட்டுப் பெயின்ட்டர் தனியாக டாக்டரிடம் போனான்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க டாக்டர்."

"எதுக்கு, திடீர்னு?"

"அவ பயப்படறா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், நன்றாக அடித்த சுவர்தான். "சொன்னபடி போட்டா எரியாதுன்னு நான் சொன்னா இனிமே நம்பமாட்டா. பாத்தா நம்பலாம்."

டாக்டர் அவன் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பரிசோதித்துவிட்டுத்தான் எழுதினார். எப்படிப் போடவேண்டும் என்று ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர்," என்றான் பெயின்ட்டர். பிறகு, "இல்ல, சொல்லுங்க," என்றான்.

அதற்குப் பிறகு அவன் சாரத்தில் ஏறும்போது தலையில் அகலத் தொப்பி. காதுமடலில் சன்ஸ்க்ரீன் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"என்ன மாஸ்டர், உங்களைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கீழேயிருந்து ஒருத்தன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். பெயின்ட் சொட்டவில்லை. அவன் தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் முகத்தைக் கழுவினான். துண்டால் தேய்க்காமல் ஒற்றினான். கட்டிலோரம் உட்கார்ந்து முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டான்.

மனைவி விளக்கணைக்க வந்தாள். "என்ன உக்காந்திருக்கீங்க?"

"காயுது."

அவள் ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். அவன் ட்யூபை அமுக்கினான். பட்டாணியைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. கூடியதைக் காகிதத்தில் வழித்துத் துடைத்தான். மீதியை நெற்றியில் ஒரு பொட்டு, கன்னங்களில் ஒவ்வொன்று, முகவாயில் ஒன்று என்று வைத்தான். எந்தச் சுவரும் கண்டிராத மெதுவான கையோடு பரப்பினான்.

"கண்ணோரத்துல வேணாம்," என்றாள் அவள்.

"இல்ல," என்றான். விரலைக் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டான்.