அந்தக் கூட்டத்தில் மைக் நன்றாக வேலை செய்தது

மைக்செட்காரரை ஊரில் எல்லோரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டம் தொடங்குமுன் மேடையேறி, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று சொல்வதைத் தவிர அந்த மனுஷன் வாயிலிருந்து வேறு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. பேச்செல்லாம் அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மைக்கே தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் செடிப் பண்ணை வைத்திருந்தாள். ரோஜாவும் எலுமிச்சையும் பதியன் போட்டு, பையில் வளர்த்து விற்பாள். குடும்பம் ஓடியது அவள் செடிகளால்தான். ஹலோவுக்குத் தேர்தல் வந்தால் வருமானம் உண்டு, வராவிட்டால் திண்டாட்டம்தான்.

செடிகளுக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்து. அந்தக் கிணற்றுக்குத்தான் கேடு வந்தது. தெருக்கோடிக்கு அப்பால் ஒரு மலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மலை அரசாங்கத்துச் சொத்து. அரசாங்கம் அதை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. கம்பெனிக்காரன் மலை முழுவதையும் உடைத்து ஜல்லியாக்கி விற்றுத் தீர்த்துவிட்டு, மலை நின்ற இடத்தில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தான். பள்ளம் கீழே போகப் போக, சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீரெல்லாம் கசிந்து அதற்குள் இறங்கியது. அதையும் பெரிய மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் கொட்டினார்கள், பாவிகள். ஹலோ வீட்டில் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று.

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் தெருமுனையில் நின்று, “நான் ஜெயிச்சா மறுநாளே குவாரிக்குப் பூட்டு! சாவி உங்க கையில!” என்று முழங்கினார். மைக் ஹலோவுடையது. ஜனங்கள் அள்ளிப் போட்டார்கள் ஓட்டை. மனுஷன் ஜெயித்தார், கனிமவள மந்திரியும் ஆனார். பூட்டையும் காணோம், சாவியையும் காணோம். பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கம்பெனி கேட்டது. மந்திரிக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே. அனுமதி கொடுக்குமுன் ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டார்கள், கேட்டார்கள்! வாசலில் தடியர்களை நிறுத்தி, எதிர்த்துப் பேச வந்தவர்களை விரட்டியடித்து, டீ ஆறுவதற்குள் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். மக்களைப் பேச விடாமல் நடத்திய கூட்டம் செல்லாது, மறுபடி நடத்துங்கள் என்று தீர்ப்பு வந்தது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. இனி நாம் வாய் திறந்து பேசினால் போதும், குவாரி மூடின மாதிரிதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஹலோவும் நம்பினார்.

ஹலோவின் மனைவிக்கு ஒரு தம்பி. மந்திரியின் கட்சியில் கிளைச் செயலாளர். கூட்டத் தேதி அறிவித்த மறுநாள் காலையில் வந்து செடிகளுக்கு நடுவில் நின்றான்.

“மாமா, இந்தக் கூட்டத்துக்கும் நீங்கதான் மைக்செட். நல்ல மைக்கா எடுத்துட்டு வாங்க, ஒட்டுப் போட்டதெல்லாம் வேணாம்.”

“நான் பேசப் போறேன்டா, தெரியுமில்ல?” என்றாள் அக்கா. “உங்க ஆளுங்க மறுபடி தடியோட நிப்பானுங்களா?”

“யாருக்கா நிக்கப் போறா? நீ தாராளமா பேசு. கிணத்தப் பத்தி, செடியப் பத்தி, மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டு. நானே உன் பேர முதல்ல சொல்லி வைக்கறேன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் போனபிறகு, “கட்சி கட்சின்னு அலைஞ்சாலும் என் தம்பி என் தம்பிதாங்க” என்றாள். ஹலோ தலையை ஆட்டினார்.

அவருடைய கவலை வேறு. கூட்டங்களில் மேடைக்குப் பிடிக்காத ஆள் பேசினால், மேடையிலிருந்து ஒரு கை லேசாக உயரும். ஹலோ பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்குவார். பேச்சு பாதியில் அறுந்துபோகும். “கரண்ட் பிரச்சனைங்க” என்று யாராவது சொல்வார்கள். எத்தனையோ பேர் வாயை அப்படி அடைத்திருக்கிறார் மனுஷன். கட்சி வேலை வேண்டுமென்றால் அதைச் செய்துதான் ஆக வேண்டும். இப்போது பேசப் போகிறவள் கட்டின மனைவி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எந்தக் கை உயர்ந்தாலும் சரி, அமுக்குவதில்லை. தொழில் போனால் போகட்டும்.

கூட்டம் நடந்தது பள்ளிக்கூட மண்டபத்தில். மேடையில் மந்திரி, பக்கத்தில் அதிகாரிகள். ஓரத்தில் வீடியோ கேமரா, அதற்கு ஒலி ஹலோவின் பெட்டியிலிருந்து. முதல் பெயரே அவள் பெயர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அன்று அவள் பேசியது பேச்சு!

“ஐயா, நீங்க எங்க தெருவுல நின்னு பூட்டுப் போடறேன்னு சொன்னீங்க. அந்த மைக்கு எங்க வீட்டு மைக்கு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். எங்க கெணத்துல இப்ப கல்லப் போட்டா ‘டம்’முனு சத்தம் கேக்குது, ‘தொப்பு’னு கேக்கல. வந்து போட்டுப் பாருங்க. செடியெல்லாம் நட்டது மாதிரியே நின்னு காயுது. மலை உங்களுதுன்னீங்க, சரின்னோம். எங்க வீட்டுக்கு அடியில இருக்கற தண்ணியும் உங்களுதா?”

மந்திரியின் கை உயர்ந்தது. ஹலோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏம்ப்பா மைக்செட்டு, சத்தம் பத்தலையே” என்றார் மந்திரி. “கூட்டி வைப்பா. அம்மா பேசறது கடைசி வரிசைக்கும் கேக்கணும்ல?”

ஹலோ கட்டிய கைகளைப் பிரித்தார். சத்தத்தைக் கூட்டினார். அவள் பேசி முடித்ததும் மண்டபமே கை தட்டியது. மந்திரியும் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அன்று ஹலோவும் நாலு வார்த்தை பேசினார்.

செடிகளில் பாதி காய்ந்து முடிந்தபோது அனுமதி வந்தது. பள்ளத்தை ஆழப்படுத்திக்கொள்ளலாம். மக்களின் கருத்து முழுமையாகக் கேட்கப்பட்டது என்று மந்திரி பேட்டி கொடுத்தார். கூட்டமே கண்துடைப்பு என்று ஊர் மறுபடி கோர்ட்டுக்கு ஓடியது. நடுவில் கையைப் பிசைந்துகொண்டு ஹலோவும், பக்கத்தில் அவளும்.

கம்பெனி வக்கீல் வாதமே செய்யவில்லை. வீடியோவைப் போட்டார், அவ்வளவுதான். ‘எங்க வீட்டுக்கு அடியில இருக்கற தண்ணியும் உங்களுதா?’ அவள் குரல் கோர்ட் அறை முழுக்க நிறைந்தது. ஒரு இரைச்சல் இல்லை, ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. ஹலோ தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒலி பிடித்ததில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “எதிர்ப்புத் தெரிவித்தவரைத் தடையில்லாமல் பேச விட்டிருக்கிறார்கள். போன முறை இருந்த குறை இந்த முறை இல்லை” என்றார். மனு தள்ளுபடி.

வெளித் தாழ்வாரத்தில் தம்பி கம்பெனி வக்கீலின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நேராக அவனிடம் போனாள்.

“தெரிஞ்சுதான் என்னயப் பேசச் சொன்னியாடா?”

அவன் தரையைப் பார்த்தான். “யாராவது ஒருத்தர் எதிர்த்துப் பேசியே ஆகணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்கக்கா. நம்ம ஊர்ல உன்ன மாதிரி யாரு பேசுவா?”

அவள் அவனைத் திட்டுவாள் என்று ஹலோ எதிர்பார்த்தார். அவள் திரும்பி பஸ் நிலையத்துக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“ஊர்ல எத்தன பேரு மைக்க அமத்தியிருக்கீங்க,” என்றாள். “அன்னிக்கு என்னுதையும் அமத்தியிருக்கக் கூடாதாங்க?”