மைக்கில் சொன்ன விலை

சுகாவதி சந்தையிலிருந்து பேருந்து நகர்வதற்குள்ளேயே ஹெர்மின் அம்மா மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். கெடிரியில் ஒரே தெருவிலிருந்து, படகில் கடல் தாண்டிக் கிளம்பிவந்த முப்பது பெண்கள் அந்தப் பேருந்தில் இருந்தார்கள். தெருச் சீட்டு நடத்துபவர் ஹெர்மின் அம்மா. வருஷத்துக்கொருமுறை சுற்றுலா ஏற்பாடு செய்வதும் அவர்தான். பாலிக்கு வந்தது கடல் பார்க்க என்றுதான் எல்லோரும் வீட்டில் சொல்லியிருந்தார்கள். உண்மையில் வந்தது சந்தையில் வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு, என்ன விலைக்கு முடித்தோம் என்று இந்த மைக்கில் சொல்வதற்காக. அடிமாட்டு விலைக்கு வாங்கியவளுக்குக் கைதட்டல். ஏமாந்தவளுக்கு ஒரு பட்டப்பெயர், அடுத்த சுற்றுலா வரைக்கும்.

போன வருஷம் ஏமாந்தவள் சுலாஸ்மி. கடைக்காரன் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வெள்ளைக்காரர்கள்தான் அப்படிக் கொடுப்பார்கள் என்று அவளுக்கு 'மிஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவள் புருஷன் வீட்டிலேயே டோஃபு செய்து விற்பவன். தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று, "மிஸ்டர், டோஃபு இருக்கா?" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஒருநாள் கோபத்தில் புருஷனே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அன்று கிணற்றடியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் செத்தாலும் அந்தப் பெயரோடு ஊர் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

மைக்கில் எல்லோரும் பொய்தான் சொல்வார்கள். ஐம்பதாயிரம் ரூபியாவுக்கு வாங்கியதை நாற்பத்தைந்து என்பார்கள், நாற்பதை முப்பத்தைந்து என்பார்கள். கேட்கிறவளும் அதே அளவு குறைத்துத்தான் சொல்லப்போகிறாள் என்பதால் யாரும் யாரையும் குடைவதில்லை. பொய்க்கும் ஒரு நியாயவிலை உண்டு. அதை வாய்விட்டு யாரும் சொல்லித்தருவதில்லை. சுலாஸ்மிக்கு அது தெரியாமல் போனதுதான் வினை.

மைக் அவளிடம் வந்தது. பூப்போட்ட நைட்டியை உயர்த்திக் காட்டினாள். வாங்கியது ஐம்பதுக்கு.

"இருபத்தஞ்சாயிரம்" என்றாள்.

 கைதட்டல் கிளம்பியது பாருங்கள், ஓட்டுநரே திரும்பிப் பார்த்தார். சுலாஸ்மிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"எந்தக் கடையிலடி?" என்றார் ஹெர்மின் அம்மா. "சாமி கும்பிட்ட அரிசிய நெத்தியில ஒட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருந்தாளே, அவகிட்டயா? எங்கிட்ட நாப்பத்தஞ்சுக்குக் கீழ ஒரு காசு குறைக்க மாட்டேன்னுட்டாளே!"

"ஆமாங்கம்மா. கொஞ்சம் நயமாப் பேசினேன்."

"அப்படிப் போடு! டிரைவர், வண்டிய நிறுத்துங்க. யார் யாருக்கு நைட்டி வேணும்? கையத் தூக்குங்க."

இருபது கைகள் உயர்ந்தன. ஐந்து லட்சம் வசூலாகி, சுலாஸ்மியின் கையில் திணிக்கப்பட்டது.

"நானும் வரட்டுமா?" என்று பக்கத்து இருக்கை யாயுக் எழுந்தாள்.

"வேண்டாங்க்கா. கூட்டமாப் போனா வெலைய ஏத்திருவா" என்று சொல்லிவிட்டு சுலாஸ்மி இறங்கி ஓடினாள்.

கடைக்காரி வார்சினி, கலைந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மடிப்பதை நிறுத்தினாள்.

"இருபத்தஞ்சா? துணி மட்டுமே முப்பது ஆகுதும்மா. தைக்கிறவளுக்கு உங்க வீட்டுலேருந்தா சோறு போடுவீங்க?"

"மொத்தமா இருபது வாங்குறேன்ல. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"காலையில உங்களுக்கு அம்பதுக்குத்தானே குடுத்தேன்?"

சுலாஸ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மைக், கைதட்டல், மிஸ்டர், ஒன்றையும் விடவில்லை. பேரம் பேசப் போன இடத்தில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் எவளும் செய்ய மாட்டாள். வார்சினி பொறுமையாகக் கேட்டாள். வெளியே பேருந்தின் ஹாரன் அடித்தது. அதையும் கேட்டாள்.

"அறுபது" என்றாள்.

"என்னங்க இது? அம்பதுன்னு இப்பதான சொன்னீங்க!"

"அது பேரம் பேசினவங்களுக்கு. நீங்க இப்ப மூச்சு வாங்க ஓடி வந்திருக்கீங்க. உங்க தலைவியம்மா அரை மணி நேரம் என் கடையப் பொரட்டிப் போட்டுட்டு, இதென்ன தரை தொடைக்கிற துணியான்னு கேட்டுட்டுப் போனாங்க. தரை தொடைக்கிற துணி இப்ப அறுபது."

"நான் அப்படிச் சொல்லலியே!"

"நீங்க சொல்லல. ஓடி வந்தது நீங்கதானே? வேற கடையில இதே பூ இருபது கிடைக்குமான்னு பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பன்னிரண்டு லட்சம். கையில் ஐந்து. மீதி ஏழு லட்சமும் சுலாஸ்மியிடம் இருந்தது, அதுதான் கொடுமை. இந்த மாதச் சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. ஒன்பது லட்சத்தைத் துணிப்பையில் போட்டு, மச்சினன் கை நீளம் என்பதால் வீட்டில் வைக்கப் பயந்து, நெஞ்சோடு ஊக்கு குத்தி வைத்திருந்தாள். அடகில் கிடக்கும் மோட்டார் சைக்கிளை மீட்க வேண்டிய பணம். மூன்று மாதமாகப் புருஷன் டோஃபுக் கூடையைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தான், முழங்கால் வீங்கிப் போய்.

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். பெயர்தானே, வைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே அந்த மைக்கும் முப்பது முகங்களும் கண்ணுக்கு முன் வந்தன. ஏமாந்தவளுக்கே மிஸ்டர் என்றால், பொய் சொல்லிப் பிடிபட்டவளுக்கு என்ன வைப்பார்கள்? ஹாரன் மறுபடி அலறியது. சுலாஸ்மி ஊக்கைக் கழற்றினாள்.

வார்சினி நோட்டுகளை வாங்கி, மிச்சமிருந்த துணிகளின்மேல் தட்டித் தட்டி வியாபாரம் பெருகட்டும் என்று முணுமுணுத்தாள். பிறகு மூட்டையை இறுக்கிக் கட்டி அவள் தலையில் தூக்கி வைத்தாள்.

பேருந்தில் ஆரவாரம். நைட்டிகள் கைமாறின. "எங்க சுலாஸ்மி சமத்து!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். போனது போகட்டும், இதற்காகவாவது போனதே என்று அவளுக்குத் தோன்றிய நேரம் அது. ஆனால் ஹெர்மின் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷமாகத் தெருவில் பேரத்துக்குப் பெயர் போனவர் அவர். தன்னிடம் நாற்பத்தைந்து சொன்னவள் இந்த வாயில்லாப் பூச்சியிடம் இருபத்தைந்துக்கு இறங்கினாள் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. மைக்கை எடுத்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒண்ணு வாங்கினா இருபத்தஞ்சு. இருபது வாங்கினாலும் அதே இருபத்தஞ்சா? மொத்தமா எடுத்தா எந்தக் கடைக்காரியும் குறைப்பாளே. எவ்வளவுடி குறைச்சா?"

"குறைக்கலம்மா. சத்தியமா."

"கையில என்னது?" என்றாள் யாயுக்.

அவசரத்தில் திரும்ப ஊக்கு குத்தாமல், துணிப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். யாயுக் அதைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே இரண்டு லட்சம்.

"அது என் சீட்டுப் பணம்!"

"சீட்டு ஒம்பது லட்சம்டி" என்றார் ஹெர்மின் அம்மா. "நான்தானே எண்ணிக் குடுத்தேன்? மீதி ஏழு எங்க?"

மீதி ஏழும் அந்த இருபது பேர் மடியில் நைட்டியாகக் கிடந்தது. சுலாஸ்மி வாயைத் திறந்தாள். மைக்கை அவள் உதட்டருகே கொண்டுவந்து பிடித்தார்கள்.

"வீட்டுல" என்றாள்.

"ஏழ வீட்டுல வச்சுட்டு ரெண்ட மட்டும் ஊர் சுத்தக் கூட்டிட்டு வந்தியாக்கும்! போதும்டி. ரெண்டு லட்சம், இருபது பேரு. ஆளுக்குப் பத்தாயிரம் அடிச்சிருக்கா. அப்ப நைட்டி பதினஞ்சுதான்!"

பதினைந்து என்றதும் முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். யாயுக் பணத்தைச் சில்லறையாக மாற்றிப் பங்கு பிரித்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு போனாள். யாரும் சுலாஸ்மியைத் திட்டக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். பேருந்து படகுத்துறைச் சாலையில் திரும்பியது.

சற்று நேரம் கழித்து ஹெர்மின் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதடி. எல்லாரும் ஒரே தெருக்காரங்க. உன் வீட்டுக்காரர்கிட்ட யாரும் மூச்சு விட மாட்டோம்."