காணாமல் போன மண்புழுக்கள்

மண்ணைத் தட்டில் கொட்டியதுமே நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்து போடிலின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அழுகின மீனும் ஈரச் சாக்கும் சேர்ந்த வாடை. யூட்லாந்தின் அந்த ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடமாக நச்சுச் சோதனை செய்கிறவள் அவள். மருந்து வாடையெல்லாம் பழகிவிட்டது. செத்த புழுதான் இன்றைக்கும் குமட்டும்.

ஜாடிக்குப் பத்து மண்புழு. ஒரு வரிசையில் விவசாயிகள் வெகுகாலமாக அடிக்கும் தாமிர மருந்து. மற்றதில் ஒரு கம்பெனியின் புதிய பூஞ்சைக்கொல்லி. அளவு ஒன்றே. பதினாலாம் நாள் எண்ண வேண்டும். எதில் அதிகம் சாகிறதோ அதுவே கொடிது.

தாமிர ஜாடியில் ஒன்பது நெளிந்தன. புதியதில் நான்குதான். இரண்டு வீங்கி வெடித்துக் கிடந்தன. மீதி நான்கைக் காணோம். மண்ணை உதிர்த்தபோது கையுறையில் பழுப்புச் சளி நூலாக இழுபட்டது. 'இறப்பு 6' என்று எழுதினாள்.

சோதனைப் பொறுப்பாளன் டோர்கில் எட்டிப் பார்த்தான்.

"ஆறா? ரெண்டுதானே கிடக்கு?"

"நாலு அழுகிக் கரைஞ்சிருச்சு. காணாததைச் செத்ததாத்தானே எழுதணும்?"

"தப்பிச்சுப் போயிருக்கும், போடில்."

"ஆமா, மூடியைத் திருகித் தொறந்துச்சு. வெளியே வந்து மறுபடி மூடிட்டுப் போச்சாக்கும்!"

சிரித்தான். "வியாழக்கிழமை கம்பெனிக்காரங்க வராங்க. பழசைவிடப் புதுசு மோசம்னா அவங்ககிட்ட சொல்றது?"

அவளுடைய பேனாவையே வாங்கி ஆறை அடித்தான். 'இறப்பு 2, தப்பியவை 4.' போகிறபோது அவள் தோளைத் தட்டினான். தட்டின இடத்தில், சட்டைக்குள், என்னவோ ஊர்வதுபோல இருந்தது அவளுக்கு.

அவன் எழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'மூடி இறுகியிருந்தது. மண்ணில் அழுகல். நான் பார்த்தேன்.' கையெழுத்தும் போட்டாள்.

பதிவேடுகளைச் சரிபார்க்கும் விபெக்க என்பவள் அதைப் படித்துவிட்டு நேராக வந்தாள். எடுத்துவைத்திருந்த மண்ணை முகர்ந்தாள், முகம் கோணிற்று.

"மறுபடி செய்யுங்க. இந்தத் தடவை டோர்கில் எண்ணட்டும்."

மறுசோதனையின் பதினாலாம் நாள் டோர்கில் கையுறை மாட்டினான். புதிய மருந்தின் முதல் ஜாடியிலேயே அவன் தூக்கிய புழு விரலிடையே அறுந்து வழிந்தது. "சீ!" என்று கழுவுதொட்டிக்கு ஓடினான். ஓங்கரித்துவிட்டு, கண்ணில் நீரோடு திரும்பினான்.

"உயிரோட எத்தனை?" என்றாள் விபெக்க.

"மூணு."

"மிச்சம் தப்பிச்சதுன்னு எழுதவா?" என்று கேட்டாள் போடில்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "செத்துப்போச்சுன்னே எழுதித் தொலை."

கம்பெனி தன் மருந்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. டோர்கிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வணக்கம் சொல்வான், அவளும் சொல்வாள். ஆனால் மதியம் அவன் கை நீண்டு ரொட்டியை எடுக்கிற மேசையில் அவளால் உட்கார முடிந்ததில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் படிக்கட்டுக்குப் போய், குளிர்காற்றில் நின்றபடியே சாப்பிடுவாள்.